லாம்டா ஃபேஜ்: கழல்வது செருகுவதன் தலைகீழ் அல்ல

ஃபேஜ் என்றால் பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ். எஸ்தர் லெடர்பெர்க் கண்டுபிடித்த லாம்டா ஃபேஜ், ஈ. கோலை பாக்டீரியாவின் டிஎன்ஏவில் கேல், பயோ மரபணுக்களுக்கு நடுவே போய்ச் செருகிக்கொள்ளும். பல வருடம் அங்கேயே கிடந்து, ஒரு நாள் கழன்று வரும். இதை எழுதும்போது பலர் சறுக்குவது ஒரே வரியில்தான்: "கழல்வது, செருகுவதன் தலைகீழ்."

அப்படியல்ல. இரண்டு டிஎன்ஏவும் வெட்டப்பட்டு ஒட்டும் இடம்தான் இணைப்புத் தளம். வைரஸின் இணைப்புத் தளம் சுமார் 240 கார இணை (டிஎன்ஏ ஏணியின் படிகள்) நீளம். பாக்டீரியாவின் தளமோ ஏறக்குறைய 25தான். வெட்டி ஒட்டியபின் இந்த இரண்டுமே இருக்காது. இரண்டு ஓரத்திலும் பாதிக்குப் பாதி கலந்த புதுத் தளங்கள்தான் நிற்கும். செருக, வெட்டி ஒட்டும் இன்ட் நொதியும் பாக்டீரியா தரும் ஐஹெச்எஃப் புரதமும் போதும். கழற்ற எக்சிஸ் என்ற புரதமும் கூடவே வேண்டும். அதே எக்சிஸ் செருகுவதைத் தடுக்கவும் செய்யும். இதே தளங்களை வைத்து ஆய்வகத்தில் மரபணுக்களை இடம் மாற்றும் கேட்வே குளோனிங் செய்பவர்களுக்கு இது கைப்பழக்கத்திலேயே தெரியும்: கழற்றும் வினைக்கான எல்ஆர் கலவையில் எக்சிஸ் உண்டு, செருகும் வினைக்கான பிபி கலவையில் இல்லை. மாற்றி ஊற்றினால் வினை நடக்காது.

சரி, இன்ட், எக்சிஸ் மரபணுக்கள் அடுத்தடுத்து இருக்கும்போது, செருகும் நேரத்தில் இன்ட் மட்டும் எப்படிக் கிடைக்கிறது? பாடங்களில் அதிகம் விடுபடுவது இதுதான். எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் இதுதான். வைரஸின் சிII புரதம் தூண்டும் தொடக்கி (ஆர்என்ஏ படியெடுப்பு தொடங்கும் இடம்) எக்சிஸ் மரபணுவுக்குள்ளேயே இருக்கிறது. அங்கிருந்து படியெடுத்தால் இன்ட் மட்டுமே முழுசாக வரும். இரண்டையும் சுமக்கும் நீளமான ஆர்என்ஏவும் உண்டு. ஆனால் அது இணைப்புத் தளத்தைத் தாண்டி சிப் என்ற பகுதிவரை ஓடும். அங்கே ஆர்என்ஏஸ் III என்ற ஆர்என்ஏ வெட்டும் நொதி வெட்ட, வால் பக்கமிருந்து இன்ட் பகுதி சிதைந்துவிடும். செருகியபின் நிலைமை வேறு. செருகும்போது வைரஸ் டிஎன்ஏவில் வெட்டு விழுவது இன்ட்டுக்கும் சிப்புக்கும் நடுவில் என்பதால், சிப் வைரஸ் டிஎன்ஏவின் மறுகோடிக்குப் போய்விடுகிறது. அப்புறம் அதே நீள ஆர்என்ஏ சிதையாமல் நின்று இன்ட், எக்சிஸ் இரண்டையும் தரும்.

புற ஊதா ஒளிதான் வைரஸை வெட்டி எடுக்கிறது என்பதும் தவறு. ஒளி டிஎன்ஏவைச் சேதப்படுத்துகிறது. அதனால் செயல்படத் தொடங்கும் ரெக்ஏ என்ற பாக்டீரியா புரதம், வைரஸ் மரபணுக்களைப் பூட்டி வைத்திருக்கும் சிஐ அடக்கிப் புரதத்தைத் தன்னையே வெட்டிக்கொள்ளத் தூண்டுகிறது. பூட்டு அப்படித்தான் திறக்கிறது.

லாம்டாவை வைத்து எல்லா ஃபேஜையும் அளக்கவும் வேண்டாம். மியூ என்ற ஃபேஜ் ஏறக்குறைய எங்கு வேண்டுமானாலும் செருகும். பி1 ஃபேஜ் பொதுவாகச் செருகுவதே இல்லை, பிளாஸ்மிடாக (தனி டிஎன்ஏ வளையமாக) தங்கிவிடும்.