கேப் கோரல் கால்வாய் வீடு: கரைச்சுவரும் டாக்கும் நிலைத்து நிற்க

ஃப்ளோரிடாவின் கேப் கோரலில் 400 மைலுக்கு மேல் கால்வாய்கள் இருக்கின்றன. 1957-க்குப் பிறகு தாழ்நிலத்தை வெட்டி, வெட்டிய மண்ணையே இருபுறமும் கொட்டி மேடாக்கி மனை பிரித்த ஊர் அது. ஆகவே கால்வாய் வீட்டின் கொல்லைப்புறம் பெரும்பாலும் நிரப்பிய மணல். வழி கிடைத்தால் அந்த மணல் தண்ணீரோடு கால்வாய்க்குப் போய்விடும். அதைப் பிடித்து நிறுத்துவது கான்கிரீட் கரைச்சுவர் ஒன்றுதான். கால்வாய் வீடு வாங்குகிறவர்கள் படகையும் டாக்கையும் (படகு கட்டும் மேடை) பார்த்துப் பார்த்துக் கவனிக்கிறார்கள், சுவரை மறந்துவிடுகிறார்கள். கவனிப்பு சுவரிலிருந்தே தொடங்க வேண்டும்.

பக்கத்து ஊரான பன்டா கோர்டாவின் கால்வாய்க் குடியிருப்புகளில் ஆண்டுக் கட்டணம் வாங்கிக்கொண்டு நகராட்சியே கரைச்சுவரைப் பராமரிக்கிறது. கேப் கோரலில் அந்தப் பொறுப்பு வீட்டுக்காரருடையது.

சுவரைச் சாய்ப்பது எது

பலரும் கால்வாய் அலைதான் சுவரை உடைக்கிறது என்று நினைக்கிறார்கள். உண்மையில் சுவர் சாய்வது கால்வாய்ப் பக்கமாக. தள்ளுவது பின்னால் மண்ணில் தேங்கிய தண்ணீர். மழை பெய்து மண் ஊறியிருக்கும்போது கால்வாய் வற்றினால், முன்னால் தாங்க ஒன்றும் இருக்காது. பின்பக்க நீர்மட்டம் கால்வாயைவிட 3 அடி உயர்ந்தால், அந்த 3 அடி நீர் மட்டுமே சுவரின் ஒவ்வோர் அடி நீளத்திலும் சுமார் 280 பவுண்டு அழுத்தும். 80 அடி மனைக்குக் கணக்கிட்டால் ஏறக்குறைய 10 டன். மண்ணின் பாரம் தனி. 2017 செப்டம்பரில் இர்மா புயலின்போது காற்று கால்வாய் நீரை வெளியே இழுத்துச் சென்றதும் பன்டா கோர்டாவில் பல சுவர்கள் இப்படித்தான் விழுந்தன.

ஆகவே விதி ஒன்றே: பின்னால் இருக்கும் தண்ணீர் வெளியேற வேண்டும், மண் வெளியேறக் கூடாது. தண்ணீர் போக சுவரில் வடிதுளைகள், மண் போகாமல் இருக்கச் சுவர்ப் பலகைகளின் இணைப்புகளுக்குப் பின்னால் வடிதுணி. இரண்டில் ஒன்று கெட்டாலும் சுவர் கெடும். இணைப்பில் மண் கசிகிறது என்று துளைகளையும் சேர்த்துச் சிமென்ட் பூசி அடைப்பவர்கள் உண்டு. அது ஆபத்து. கசிவு நிற்கும், அழுத்தம் ஏறும்.

எப்போது, எப்படிப் பார்ப்பது

டிசம்பர் முதல் பிப்ரவரி வரை, குளிர்ந்த வடகாற்று அடித்த மறுநாள் வற்று நேரத்தில் பாருங்கள். அப்போதுதான் ஆண்டின் மிகக் குறைந்த நீர்மட்டம் இருக்கும், சுவரின் கீழ்ப்பகுதி வெளியே தெரியும். கோடையில் பார்த்தால் பாதிச் சுவர்தான் கண்ணில் படும்.

முதலில் சுவரின் மேல் பீமில் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நைலான் நூலை இறுகக் கட்டுங்கள். 10 அடிக்கு ஒரு முறை நூலுக்கும் பீம் விளிம்புக்கும் உள்ள இடைவெளியை அளந்து, தேதியோடு எழுதி வையுங்கள். ஆறு மாதம் கழித்து அதே இடங்களில் அளக்கும்போது அரை அங்குலம் நகர்ந்திருந்தால் பொறியாளரைக் கூப்பிட வேண்டிய நேரம். சுவரின் தலை கால்வாய்ப் பக்கம் சாய்ந்தால் உள்ளே மண்ணில் புதைந்து சுவரை இழுத்துப் பிடிக்கும் பிடிகம்பி துருவேறி அறுந்திருக்கலாம். அடி முன்னால் நகர்ந்து தலை வீட்டுப்பக்கம் சாய்ந்தால் சுவரின் அடியில் மண் அரித்திருக்கிறது. இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு. எந்தப் பக்கம் சாய்ந்தது என்று தெரியாமல் ஒப்பந்தக்காரரிடம் விலை கேட்காதீர்கள்.

அடுத்து பீமின் முகத்தில் கிடையாக ஓடும் விரிசலும் பழுப்புக் கறையும் இருக்கிறதா பாருங்கள். உள்ளே கம்பி துருப்பிடித்துப் பருத்துக் கான்கிரீட்டைப் பிளக்கிறது என்று அர்த்தம்.

பிறகு புல்தரை. அரை அங்குல இரும்புக் கம்பி ஒன்றை 4 அடி நீளத்தில் கைப்பிடியோடு செய்துகொள்ளுங்கள். குத்துவதற்குச் சில நாள் முன்பே 811-க்கு அழைத்து நிலத்தடி மின்கம்பி, குழாய்களைக் குறித்துத் தரச் சொல்ல வேண்டும். உங்கள் சொந்தத் தெளிப்புக் குழாயை அவர்கள் குறிக்க மாட்டார்கள், அதை நீங்களே தேடிக்கொள்ள வேண்டும். சுவரை ஒட்டி 3 அடிக்குள், 2 அடிக்கு ஒரு முறை கம்பியை அழுத்துங்கள். எங்கே தடையில்லாமல் இறங்குகிறதோ அங்கே புல்லுக்கு அடியில் வெற்றிடம். புல்வெட்டும் வண்டியோடு ஆள் உள்ளே போகும் இடம் அதுதான்.

கடைசியாக, அடிக்கணக்குக் குறித்த பிவிசி குழாயைச் சுவரோரமாக இறக்கி ஆழம் பாருங்கள். போன ஆண்டைவிட ஆழம் கூடியிருந்தால் படகின் புரொப்பல்லர் தள்ளும் நீர் சுவரின் அடியைத் தோண்டுகிறது. டாக்கில் கட்டியபடி இன்ஜினை வேகமாக ஓட்டிப் பார்ப்பதை நிறுத்துங்கள்.

வெற்றிடத்தை மூடும் முறை

மேலே மண்ணைக் கொட்டி மூடினால் அடுத்த மழையில் அதுவும் போய்விடும். நீர் வற்றிய நேரத்தில், குழி விழுந்த இணைப்பின் பின்னால் 2 அடி அகலத்துக்குத் தோண்டுங்கள். ஒரு நேரத்தில் ஓர் இணைப்பு மட்டும். 4 அடிக்குக் கீழே தனியாக இறங்க வேண்டாம், மணல் சரியும். பிடிகம்பி தென்பட்டால் அதைத் தொடாமல் சுற்றி வேலை செய்யுங்கள்.

இணைப்பைச் சுரண்டிச் சுத்தம் செய்து, நெய்யாத வடிதுணியை இருபுறமும் 2 அடி படியும்படி சுவரோடு ஒட்டி விரியுங்கள். அதன்மேல் கழுவிய 57 எண் ஜல்லியை (முக்கால் அங்குல அளவு) ஓர் அடி தடிமனுக்கு நிரப்பித் துணியால் போர்த்துங்கள். துணி இல்லாத ஜல்லியின் இடைவெளிகளில் மணல் புகுந்து சில ஆண்டுகளில் அடைத்துவிடும். பிறகு 6 அங்குல அடுக்காக மணல் போட்டு ஒவ்வோர் அடுக்கையும் இடியுங்கள். வடிதுளை அடைத்திருந்தால் வடிப்பான் உள்ள புதிய துளைக் குழாயை வற்று மட்டத்துக்குச் சற்று மேலே பொருத்தச் சொல்லுங்கள். சுவரில் துளையிடும் வேலையையும் கட்டுமானப் பழுதையும் உரிமம் பெற்றவரிடமே கொடுங்கள். நகராட்சி அனுமதியை முன்கூட்டியே விசாரித்துவிடுங்கள்.

கூரைத் தண்ணீர்க் குழாய் சுவரோரம் வந்து கொட்டினால் இன்றே திருப்பிவிடுங்கள். நீச்சல் குளத்து நீரையும் அங்கே விடக் கூடாது.

டாக்

மரத்தூண் கெடுவது நீர் ஏறி இறங்கும் மட்டத்திலும் அதற்குக் கீழும்தான். சுத்தியலால் தட்டினால் நல்ல மரம் கணீரென்று கேட்கும், உள்ளே பொக்கையானது மந்தமாகக் கேட்கும். கொட்டலசைச் சுரண்டிவிட்டு ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். கப்பல் புழு நுழையும் ஓட்டை குண்டூசித் தலையளவே இருக்கும், உள்ளே மரமே இருக்காது. இன்னொரு பூச்சி வெளியிலிருந்து கொறிக்கும். தூண் உடுக்கை போல இடை மெலிந்திருந்தால் அதன் வேலை.

புதுத்தூண் போடும்போது உப்புநீருக்கான சிசிஏ (குரோமியம், செம்பு, ஆர்சனிக் கலந்த) மருந்தேற்றிய தென்பகுதி மஞ்சள் பைன் கேளுங்கள். கன அடிக்கு 2.5 பவுண்டு மருந்து என்று தூணின் சீட்டில் இருக்க வேண்டும். சேற்றுக்குக் கீழிருந்து ஏற்ற மட்டத்துக்கு மேல் வரை பிளாஸ்டிக் உறை சுற்றினால் புழு அண்டாது. உறை பாதியில் நின்றால் நின்ற இடத்தில் புழு புகும். போல்ட், நட்டு, வாஷர் எல்லாம் 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். துத்தநாகம் பூசியதோடு கலந்து போட்டால் துத்தநாகம் சீக்கிரம் கரைந்துவிடும்.

படகை நீருக்கு மேலே தூக்கி வைக்கும் லிஃப்டின் கம்பிக்கயிற்றை உப்புநீரில் இரண்டாண்டுக்கு ஒரு முறை மாற்றிவிடுவது நல்லது. வெறுங்கையால் தடவிப் பார்க்காதீர்கள். பழைய துணியால் துடைத்தால், உடைந்த இழை துணியில் மாட்டிக் காட்டிக்கொடுக்கும். ஓர் இழை உடைந்திருந்தாலும் மாற்றுங்கள். நான்கு கயிற்றையும் ஒன்றாக மாற்ற வேண்டும், இல்லையென்றால் படகு சாய்ந்து தொங்கும்.

மின்சாரத்தில் சமரசம் வேண்டாம். டாக்கின் எல்லா இணைப்புக்கும் கசிவு உணர்ந்து துண்டிக்கும் பிரேக்கர் இருக்க வேண்டும். மாதம் ஒரு முறை சோதனைப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். 10 மில்லி ஆம்பியர் உடலில் பாய்ந்தாலே நீந்துபவரின் தசை இயங்காமல் போய் அவர் மூழ்கிவிடலாம். நன்னீர்க் கால்வாயில் இந்த ஆபத்து உப்புநீரைவிட அதிகம். மின்சாரம் உள்ள டாக்கின் அருகே யாரையும் நீந்த விடாதீர்கள். யாராவது துடித்தால் குதிக்காமல் முதலில் மெயினை அணைத்து, மிதவையை வீசுங்கள்.

கால்வாய் நீர்

2018-ல் இந்த ஊரின் கால்வாய்களில் நீலப்பச்சைப் பாசி தடித்து நாறியது. ஒரு வீட்டால் தடுக்க முடிகிற காரியமல்ல, ஆனால் நம் பங்கைக் குறைக்கலாம். ஜூன் 1 முதல் செப்டம்பர் 30 வரை நைட்ரஜன், பாஸ்பரஸ் உரம் போடத் தடை உண்டு. மற்ற மாதங்களிலும் கரையிலிருந்து 10 அடிக்குள் போட வேண்டாம். வெட்டிய புல்லைக் கால்வாய்க்குள் ஊதித் தள்ளாதீர்கள். அது மக்கும்போது நீரின் ஆக்சிஜனைத் தின்னும், முட்டுச்சந்துக் கால்வாயில் மீன் செத்து மிதக்கும்.

கரையில் அலையாத்தி மரம் இருந்தால் கவனம். 1996-ஆம் ஆண்டுச் சட்டப்படி, உங்கள் கரையோரத்தில் 10 அடி வரை உயரமுள்ளதை நீங்களே கத்தரிக்கலாம், ஆனால் 6 அடிக்குக் கீழே வெட்டக் கூடாது. அதைவிட உயரமானதற்குத் தகுதிபெற்ற வெட்டுநர் வேண்டும். களைக்கொல்லி கூடவே கூடாது. நீருக்குள் வேலை நடக்கும்போது மானட்டி (கடற்பசு வகை) 50 அடிக்குள் வந்தால் அது போகும்வரை நிறுத்த வேண்டும். கால்வாய் அடியில் மணல் மேடிட்டாலும் நீங்களாக அள்ளாதீர்கள். அதற்கு மாநில அனுமதியும் ராணுவப் பொறியாளர் பிரிவின் அனுமதியும் தேவைப்படும்.

புயல் பருவம்

பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. மே மாதத்துக்குள் வடிதுளைகளைக் குத்திச் சுத்தம் செய்துவிடுங்கள். எச்சரிக்கை வந்ததும் படகை லிஃப்டிலிருந்து இறக்கித் தரைக்குக் கொண்டுபோங்கள். லிஃப்டில் விட்டால் நீர் ஏறும்போது படகு மிதந்து எழுந்து தூணையும் சேர்த்துப் பிடுங்கும். டாக் மின்சாரத்தைப் பிரேக்கரில் அணையுங்கள். நீச்சல் குளத்தைக் காலி செய்யாதீர்கள். வெறும் குளத்தை நிலத்தடி நீர் மேலே தூக்கிவிடும்.

சுவர், பீம், டாக் எல்லாவற்றையும் தேதி தெரியும்படி படம் எடுத்து வையுங்கள். புயல் ஓய்ந்ததும் சுவரோரம் நடக்கும் முன் கம்பியால் குத்திப் பாருங்கள், பிறகு அதே கோணங்களில் மீண்டும் படம் எடுங்கள். கூட்டாட்சி அரசின் வெள்ளக் காப்பீட்டில் கரைச்சுவருக்கும் டாக்குக்கும் பணம் கிடைக்காது. 2022 செப்டம்பர் 28-ல் வந்த இயன் புயலுக்குப் பிறகு பல குடும்பங்கள் இதைத் தாமதமாகத்தான் அறிந்தன. தனியார் காப்பீட்டில் இவற்றுக்கு இடம் இருக்கிறதா என்று பருவம் தொடங்கும் முன்பே முகவரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். புயல் நெருங்கிய பிறகு புதிய காப்பீடு எழுத மாட்டார்கள்.