கிளப் பாணி இரும்புச் சாமான் வாங்க காரைக்குடி போறீங்களா?

சென்னை, பெங்களூரு கிளப்களில் பழைய ஃபேக்டரி மாதிரி இரும்புக் கப்பி, மங்கு (எனாமல் பூசிய இரும்பு) ஷேடு போட்ட தொங்கும் விளக்கு, எனாமல் விளம்பரப் பலகை எல்லாம் பார்த்திருப்பீங்க. அதே தினுசில் கடையோ மொட்டை மாடியோ அமைக்க ஆசை என்றால் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவுக்குப் போங்க, பழைய சாமான் கடைகள் வரிசையாக இருக்கும்.

போகும்போது சின்னக் காந்தம் ஒன்று பாக்கெட்டில் இருக்கட்டும். பித்தளை என்று சொல்லும் ஸ்விட்ச் மூடியில் காந்தம் ஒட்டினால் உள்ளே இரும்பு, மேலே முலாம் மட்டும்தான். எனாமல் பலகையில் ஆணி ஓட்டையைக் கவனிங்க: பழசாக இருந்தால் அதைச் சுற்றிக் கண்ணாடிச் சில்லு போல எனாமல் பெயர்ந்து அடியில் கருந்துரு தெரியும், நகத்தால் சுரண்டினால் பெயின்ட் வந்தால் அது புதுசு, விட்டுடுங்க.

விளக்கு வாங்கினால் துணி சுற்றிய பழைய ஒயரை மட்டும் எவ்வளவு அழகாக இருந்தாலும் வைத்துக்கொள்ளவே வேண்டாம், எலக்ட்ரீஷியனிடம் கொடுத்து மாற்றி, இரும்பு ஷேடுக்கு எர்த்தும் கொடுத்துவிடுங்க. பீங்கான் ஹோல்டர் விரிசல் இல்லாமல் இருந்தால் அப்படியே இருக்கலாம். அப்புறம், பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம், அதனால் உப்புத்தாள் போட்டு உலர்வாகத் தேய்க்காதீங்க, குழந்தைகள் இருக்கும் வீட்டில் அந்தத் தூசி ரொம்ப ஆபத்து.

வெளிநாட்டுக்குக் கொண்டுபோகிறவர்கள் சாமானின் வயதைக் கேட்டுக்கொள்ளுங்க. 1972 தொல்பொருள் சட்டப்படி 100 வருஷத்துக்கு மேற்பட்ட தொல்பொருளைத் தனியார் ஏற்றுமதி செய்ய முடியாது.