வலசை போகும் பருந்துகளை எண்ணுவது எப்படி?

இலையுதிர் காலத்தில் அமெரிக்காவின் பென்சில்வேனியா பக்கம் இருந்தால், ஹாக் மவுன்டனில் ஒரு நாள் உட்கார்ந்து பாருங்கள். வலசை போகிற பருந்துகளை ஒரு காலத்தில் வேட்டைக்காரர்கள் கும்பலாக வந்து சுட்டுத் தள்ளிய மலை அது. 1934-இல் ரோசலி எட்ஜ் என்ற பறவைப் பாதுகாப்பு ஆர்வலர் அந்த நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துச் சுடுவதை நிறுத்தினார், பருந்துகளை எண்ணுவதும் அந்த ஆண்டே தொடங்கியது.

முதலில் நாள். பிராட்-விங்டு ஹாக் (அகன்ற சிறகுப் பருந்து) கூட்டங்களுக்குச் செப்டம்பர் நடுவில் போங்கள், பொன்னாங்கழுகுக்கு நவம்பர். மழை விலகி வடமேற்குக் காற்று அடிக்கிற நாள்தான் நல்லது. காற்று மலையில் மோதி மேலே எழும்பும்போது பறவைகள் அதில் ஏறிச் சிறகடிக்காமலே முகட்டை ஒட்டிப் போகும்.

இடம் பிடித்ததும் எதிரே தெரிகிற முகடுகளைப் பழகிக்கொள்ளுங்கள். அங்கே அவற்றுக்கு எண் வைத்திருக்கிறார்கள், "மூன்றுக்கு மேலே ஒன்று" என்று யாராவது சொன்னால் பைனாகுலரை எங்கே திருப்புவது என்று தெரிய வேண்டும்.

அடுத்து உருவம். நிறத்தை நம்பாதீர்கள், தூரத்தில் எல்லாமே கறுப்புதான். அகன்ற சிறகு, குட்டையான விசிறி வால் என்றால் பிராட்-விங்டு, ரெட்-டெயில்டு வகை. நீண்ட வால், குட்டைச் சிறகு, நாலைந்து முறை படபடவென அடித்து மிதந்தால் ஷார்ப்-ஷின்டு ஹாக் அல்லது கூப்பர்ஸ் ஹாக். கூர்மையான சிறகென்றால் பைரி வகை.

சரி, எண்ணுவதற்கு வருவோம். வெப்பக்காற்றில் நூற்றுக்கணக்கான பறவைகள் ஒன்றாகச் சுழன்று ஏறும், இதைக் 'கெட்டில்' என்கிறார்கள், பார்க்கப் பிரமாதமாக இருக்கும், ஆனால் அப்போது எண்ண ஆரம்பித்தால் ஒரே பறவையை மூன்று முறை எண்ணுவீர்கள். பொறுங்கள். உச்சிக்குப் போனதும் ஒவ்வொன்றாகப் பிரிந்து தெற்கே வழுக்கிக்கொண்டு போகும். வானத்தில் மனசுக்குள் ஒரு கோடு போட்டு, அதைத் தாண்டுகிறவற்றுக்கு மட்டும் கிளிக்கரை (அழுத்தினால் ஒவ்வொன்றாக எண்ணும் கைக்கருவி) அழுத்துங்கள். கூட்டம் பெரிதென்றால் பத்தை எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடம் பிடிக்கிறதென்று பார்த்து, பத்துப் பத்தாகக் கணக்கிடலாம். அங்கேயே சுற்றுகிற உள்ளூர் டர்க்கி வல்ச்சர்களை (ஒரு வகைப் பிணந்தின்னிக் கழுகு) சேர்க்காதீர்கள், இவைதான் பெரிய தொல்லை.

மணிக்கு ஒருமுறை எண்ணிக்கையோடு காற்று, மேகம், வெப்பநிலையையும் குறியுங்கள். ஒன்றுமே வராத மணிக்குப் பூஜ்ஜியம். அடையாளம் தெரியாததை 'தெரியவில்லை' என்றே எழுதுங்கள், ஊகித்து ஒரு பெயர் போட வேண்டாம்.

அப்புறம், உட்காருவது வெறும் பாறையில், மெத்தை எடுத்துப் போங்கள். ஹாக் மவுன்டனின் அதிகாரப்பூர்வக் கணக்கு ஹாக்கவுன்ட் இணையதளத்தில் ஏறும், வீட்டுக்கு வந்து உங்கள் தாளோடு ஒப்பிட்டுக்கொள்ளலாம்.