கைத்தெளிப்பானை அளவிட்டு, பாதுகாப்பாக மருந்து தெளிப்பது எப்படி?

மருந்துப் புட்டியின் லேபிளில் ‘ஒரு ஹெக்டேருக்கு 1 லிட்டர்’ என்று அச்சிட்டிருப்பார்கள். நம் முதுகில் ஏறப்போவதோ 16 லிட்டர் டேங்க். அந்த டேங்க் எவ்வளவு பரப்புக்கு வரும் என்று தெரியாமல், புட்டியின் மூடியால் குத்துமதிப்பாக அளந்து ஊற்றுகிற பழக்கம்தான் பெரும்பாலான தவறுகளுக்குக் காரணம். அளவு குறைந்தால் பூச்சியோ களையோ தப்பிப் பிழைக்கிறது, மிகுந்தால் பயிர் கருகுகிறது, மண்ணில் நஞ்சு தங்குகிறது. இதைத் தவிர்க்கத் தெளிப்பானையும் அதைச் சுமந்து நடப்பவரையும் சேர்த்து ஒரே கருவியாக அளவிட வேண்டும். வெறும் தண்ணீரை வைத்தே இதைச் செய்துவிடலாம்.

முதலில் தெளிப்பானைச் சரிபார்க்க வேண்டும். டேங்கில் பாதியளவு தண்ணீர் ஊற்றி, பம்ப் அடித்து அழுத்தம் ஏற்றி, குழாய் இணைப்புகளிலும் கைப்பிடியின் விசையிலும் மூடியின் வாஷரிலும் ஒழுகல் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். தண்ணீரில் தென்படுகிற சிறு ஒழுகல், மருந்து கலந்த பிறகு முதுகின் வழியாக உடலுக்குள் போகும் நஞ்சாக மாறிவிடும் என்பதால், ஒழுகுகிற தெளிப்பானில் மருந்து ஊற்றவே கூடாது. மருந்து துளிகளாக வெளிவரும் முனையான நாசிலில் அடைப்பு இருந்தால் மென்மையான பிரஷ்ஷாலும் தண்ணீராலும் மட்டுமே எடுக்க வேண்டும். ஊசியோ கம்பியோ துளையைப் பெரிதாக்கிவிடும். வாயால் ஊதுவதோ உறிஞ்சுவதோ எக்காரணம் கொண்டும் கூடாது. பொதுவாகக் களைக்கொல்லிக்கு விசிறி போலப் பரவும் தட்டை நாசிலும், இலைகளின் மேல் தெளிக்கும் பூச்சிக்கொல்லி, பூஞ்சைக்கொல்லிகளுக்குக் கூம்பு வடிவ நாசிலும் பொருந்தும்.

இனி அளவிடும் முறைக்கு வருவோம். மருந்து தெளிக்கப்போகிற நிலத்திலேயே, அல்லது அதைப் போன்ற தரையில், நீளம் 10 மீட்டர், அகலம் 10 மீட்டர் அளந்து நான்கு மூலைகளிலும் குச்சி நடுங்கள். இது 100 சதுர மீட்டர். தெளிப்பானைச் சமதரையில் வைத்து, டேங்கில் ஒரு கோடு வரை சுத்தமான தண்ணீர் நிரப்புங்கள். பிறகு மருந்து அடிக்கும்போது எப்படி நடப்பீர்களோ அதே வேகத்தில், அதே சீரான பம்ப் அழுத்தத்தில், நாசிலை அதே உயரத்தில் பிடித்தபடி அந்தச் சதுரம் முழுவதையும் ஒருமுறை நனைத்து முடியுங்கள். மீண்டும் அதே இடத்தில் தெளிப்பானை வைத்து, பழைய கோடு வரை தண்ணீர் ஏறுவதற்கு எவ்வளவு தேவைப்படுகிறது என்று அளவுக் குவளையால் அளந்து ஊற்றுங்கள். ஊற்றிய அளவே நீங்கள் 100 சதுர மீட்டருக்குச் செலவிட்ட தண்ணீர். இதை மூன்று முறை செய்து சராசரி எடுப்பது நல்லது. முதல் முறை நடையும் கையும் இன்னும் சீர்பட்டிருக்காது.

அந்தச் சராசரி 4 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் 16 லிட்டர் டேங்க் 400 சதுர மீட்டருக்கு வரும். ஒரு ஹெக்டேர் என்பது 10,000 சதுர மீட்டர்; லேபிள் சொல்லும் 1 லிட்டர் மருந்தை அந்தப் பரப்புக்குப் பகிர்ந்தால் 100 சதுர மீட்டருக்கு 10 மில்லி. ஆகவே முழு டேங்குக்கு 40 மில்லி ஊற்ற வேண்டும். உங்கள் இடம் 250 சதுர மீட்டர்தான் என்றால் 10 லிட்டர் தண்ணீரும் 25 மில்லி மருந்தும் போதும், கலவை மிஞ்சாது.

இதே தெளிப்பானை இன்னொருவர் வாங்கி வேகமாக நடந்து, அதே சதுரத்தை 3 லிட்டரில் முடிக்கிறார் என்றால், அவருடைய டேங்க் ஏறக்குறைய 533 சதுர மீட்டருக்கு வரும். நீங்கள் கலந்த அதே 40 மில்லியை அவரும் ஊற்றினால், பயிருக்குப் போய்ச் சேர்வது தேவையில் முக்கால் பங்கு மட்டுமே. அதனால்தான் ஒருவர் அளவிட்டதை மற்றவர் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது என்று அழுத்திச் சொல்கிறேன். சில லேபிள்களில் ‘ஒரு லிட்டர் தண்ணீருக்கு இத்தனை மில்லி’ என்றிருக்கும். அங்கே மருந்தின் விகிதம் லேபிளிலேயே வந்துவிட்டாலும், மொத்தம் எத்தனை லிட்டர் கலக்க வேண்டும் என்பதற்கு இந்த அளவீடு தேவைப்படும்.

கலக்கும் வேளைதான் மிகவும் ஆபத்தானது, ஏனெனில் அப்போது கையில் இருப்பது நீர்க்காத மருந்து. லேபிள் கேட்கிற கவசங்கள் அனைத்தையும் புட்டியைத் திறப்பதற்கு முன்பே அணிந்துவிட வேண்டும்: நைட்ரைல் கையுறை, முழுக்கைச் சட்டை, முழுக்கால் சட்டை, ரப்பர் பூட்ஸ், கண்ணாடி, தேவையெனில் சுவாசக் கவசம். துணி முகமூடி மருந்தின் ஆவியைத் தடுக்காது. டேங்கில் பாதி தண்ணீர் ஊற்றி, அளந்த மருந்தைச் சேர்த்து, பிறகு மீதித் தண்ணீரை நிரப்புங்கள். புட்டி காலியானால் மூன்று முறை அலசி, அந்தத் தண்ணீரையும் டேங்கிலேயே ஊற்றிவிடுங்கள். காலிப் புட்டியை வேறெதற்கும் பயன்படுத்தாமல் துளையிட்டு, உள்ளூர் விதிகளின்படி அகற்றுங்கள்.

பலத்த காற்றிலும் கடும் வெயிலிலும் தெளிக்க வேண்டாம். காற்று துளியும் அசையாத அதிகாலையும் ஏற்றதல்ல. நுண்துளிகள் கீழே படியாமல் தரைக்கு அருகிலேயே மிதந்து எங்கோ போய்ச் சேரும். காற்றுக்குக் குறுக்காக நடந்து, தெளித்த பகுதி எப்போதும் காற்று போகும் பக்கத்தில் இருக்குமாறு நகர்ந்தால் நனைந்த இலைகள் உடலில் உரசாது. வேலைக்கு நடுவே சாப்பிடுவதும் புகைப்பதும் கூடாது. கண்ணில் பட்டால் உடனே ஓடும் தண்ணீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவி, லேபிளோடு மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

முடிந்ததும் டேங்கையும் குழாயையும் நாசிலையும் மூன்று முறை அலசி, அந்த நீரைத் தெளித்த நிலத்திலேயே பரவலாகத் தெளித்துவிடுங்கள். கிணற்றருகிலோ வாய்க்காலிலோ கொட்டக் கூடாது. கையுறையைக் கழற்றும் முன் கையுறையோடு கையைக் கழுவுங்கள். களைக்கொல்லிக்குத் தனித் தெளிப்பான் வைத்துக்கொள்வதே உத்தமம், ஏனெனில் குழாயில் தங்கிய எச்சமே அடுத்த முறை பயிரைக் கருக்கிவிடும். நாசில் நாளடைவில் தேயும். புதிதாக இருந்தபோது ஒரு நிமிடத்தில் எவ்வளவு தண்ணீர் வந்தது என்று குறித்து வைத்து, அதைவிட 10 சதவீதம் கூடுதலாக வரத் தொடங்கினால் மாற்றிவிடுங்கள். நாசில் மாறினாலும் ஆள் மாறினாலும், பத்துக்குப் பத்து மீட்டர் சதுரத்தில் மறுபடியும் தண்ணீர் தெளித்து அளந்த பிறகே மருந்தைத் தொட வேண்டும்.