எட்டுக் குரல்களும் ஒரு தாளக் கலைஞரும்: மேடையேறும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஓர் ஒத்திகையில் கண்டதைச் சொல்கிறேன். எட்டுப் பேர் பாடிக்கொண்டிருந்தார்கள், கருவித் துணை எதுவும் இல்லை. பாட்டின் கடைசிச் சுரம் மெல்லத் தேய்ந்து அடங்க வேண்டும். அடங்கவில்லை. காய்ந்த சருகு தரையில் உரசுவதைப் போல எங்கிருந்தோ ஒரு சலசலப்பு. யாருடைய தொண்டையோ கரகரத்துவிட்டது என்று நினைத்து மறுபடி பாடினார்கள். மறுபடியும் அதே சலசலப்பு. நான்காவது முறைதான் காரணம் பிடிபட்டது. பத்தடி தள்ளி, யாரும் தொடாமல் நின்றிருந்த ஸ்நேர் டிரம்! அதன் அடித்தோலை ஒட்டி இழுத்துக் கட்டியிருக்கும் கம்பிச் சுருள்கள் பாடகர்களின் குரலுக்குத் தாமாகவே நடுங்கிக்கொண்டிருந்தன. பக்கவாட்டில் உள்ள சிறிய நெம்புகோலைத் தாழ்த்திக் கம்பிகளைத் தோலிலிருந்து விலக்கியதும் அறை அமைதியானது.

கருவித் துணையின்றிப் பாடும் அகபெல்லா குழுவையும் தனித் தாள வாத்தியக் கலைஞரையும் ஒரே மேடையில் சேர்க்கும்போது நேரும் பிழைகளில் பெரும்பாலானவை இந்த வகைதான். யாரும் தப்பாகப் பாடியிருக்க மாட்டார்கள், தப்பாக வாசித்திருக்கவும் மாட்டார்கள். பாடுபவர்களின் காதில் என்ன விழுகிறது என்பதை மட்டும் எவரும் யோசித்திருக்க மாட்டார்கள். கருவியின்றிப் பாடுகிறவருக்குப் பக்கத்தில் நிற்பவரின் குரல்தான் சுருதிப்பெட்டி. அந்தக் குரல் காதில் விழாமல் போனால் எவ்வளவு தேர்ந்த குழுவும் தடுமாறும்.

தாளக் கலைஞரைக் கடிகாரமாக்குவது

நிகழ்ச்சி நிரல் போடும் நாளிலேயே முதல் தவறு நடந்துவிடுகிறது. குழு பல காலமாகப் பாடிவரும் பாட்டுகளை எடுத்துக்கொண்டு, “இதற்கு அடியில் கொஞ்சம் தாளம் போட்டுவிடுங்கள்” என்று கலைஞரிடம் கேட்கிறார்கள். இதை நான் முழு மனதோடு எதிர்க்கிறேன். கருவியில்லாப் பாட்டின் அழகே, மூச்சுக்கு ஏற்ப ஒரு வரி சற்று நீண்டு, அடுத்த வரி சற்று விரைவதில் இருக்கிறது. அதன் அடியில் சீரான அடியைப் போட்டால் அந்த நெகிழ்வு செத்துப்போகும். கலைஞருக்கோ, வாழ்நாள் முழுக்கக் கற்ற வித்தையில் நூறில் ஒரு பங்குக்குக்கூட வேலை இருக்காது.

குரலையும் தாளத்தையும் சேர்த்தே மனத்தில் கேட்டு எழுதிய படைப்புகள் இருக்கின்றன. எஸ்டோனிய இசையமைப்பாளர் வேல்யோ டோர்மிஸ் 1972இல் எழுதிய ‘இரும்பின் மீது சாபம்’ ஒரு முழுப் பாடகர் குழுவுக்கும் ஒரே ஒரு மந்திரவாதி மேளத்துக்கும் ஆனது. அங்கே மேளம் காலத்தை எண்ணிக்கொண்டிருப்பதில்லை. சாபத்தை அதுவும் சேர்ந்து உச்சரிக்கிறது. அமெரிக்க இசையமைப்பாளர் டேவிட் லாங் தீக்குச்சி விற்கும் சிறுமியின் கதையை வைத்து 2007இல் எழுதி, அடுத்த ஆண்டு புலிட்சர் பரிசு பெற்ற படைப்பில் பாடும் நால்வரே தாளக் கருவிகளையும் கையில் எடுத்துக்கொள்கிறார்கள். ஓசைகள் மிகக் குறைவு. அந்தக் குறைவில்தான் பனிக்குளிர் தெரிகிறது. 1968இல் தொடங்கிய ஆறு பேர் குழுவான கிங்ஸ் சிங்கர்ஸ், ஸ்காட்லாந்தின் தாளக் கலைஞர் எவலின் கிளெனியோடு சேர்ந்து 1998இல் ஓர் இசைத்தட்டே வெளியிட்டிருக்கிறது. செவித்திறனைப் பெரும்பாலும் இழந்த கிளெனி, அதிர்வைப் பாதங்களில் உணர்வதற்காக வெறுங்காலோடு மேடையேறுபவர். அப்படிப்பட்ட ஒருவரை அழைத்து வந்து தாளம் மட்டும் போடச் சொல்ல யாருக்கு மனம் வரும்?

இன்னொன்று: எல்லாப் பாட்டிலும் எல்லாரும் இருக்கத் தேவையில்லை. குழு தனியாகப் பாடட்டும், கலைஞர் தனியாக வாசிக்கட்டும், நடுநடுவே சேரட்டும். இரண்டையும் தனித்தனியே கேட்டபிறகுதான் சேர்க்கையின் சுவை ரசிகருக்கு உறைக்கும்.

சுருதியை நம்பிவிடுவது

மிகப் பெரிய சங்கடம் இங்கேதான் காத்திருக்கிறது. துணையின்றி ஐந்தாறு நிமிடம் பாடினால் பல குழுக்களின் சுருதி கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். குழு தனியாகப் பாடும்வரை அதனால் குடி முழுகிப்போவதில்லை. எல்லாரும் சேர்ந்தே இறங்குவதால் ரசிகருக்குத் தெரிவதேயில்லை. பாட்டின் நடுவில் கோலால் தட்டி வாசிக்கும் மரிம்பாவோ வைப்ரஃபோனோ நுழைந்தால் மட்டும் கதை வேறு. அதன் மரக்கட்டையும் உலோகப் பட்டையும் செதுக்கிய நாளில் வைத்த சுருதியிலேயே நிற்கும், ஒருவருக்காகவும் இறங்கி வராது. முதல் தட்டிலேயே அரங்கம் முழுவதும் முகம் சுளிக்கும்.

இன்னும் நுட்பமான சிக்கல் ஒன்றும் உண்டு. நல்ல குழு ஒன்று ஷட்ஜத்தையும் அந்தர காந்தாரத்தையும் சேர்த்துப் பாடும்போது, காது இயல்பாகத் தேடுவது ஒலி அலையாடாத தூய இடைவெளியை. ஓர் அரைச்சுரத்தை 100 பங்காகப் பிரித்தால் அந்தத் தூய காந்தாரம் ஷட்ஜத்திலிருந்து 386ஆவது பங்கில் இருக்கிறது. சம இடைவெளியில் சுருதி வைத்த மரிம்பாவின் காந்தாரமோ 400இல். பதினான்கு பங்கு வித்தியாசம் பயிற்சி பெற்ற காதுக்கு முள்ளாய்க் குத்தும். போதாக்குறைக்கு, கச்சேரி மரிம்பாக்கள் பலவற்றில் A என்ற சுரத்துக்கு 440க்குப் பதில் 442 ஹெர்ட்ஸ் சுருதி வைத்திருப்பார்கள். குழுத் தலைவர் பையிலிருந்து எடுக்கும் இசைக்கவை 440. அங்கேயும் எட்டுப் பங்கு இடைவெளி விழுந்துவிடுகிறது.

தீர்வு ஒன்றும் பெரிய ரகசியமில்லை. வாடகைக்கு வரும் கருவியின் சுருதி என்ன என்று முதலிலேயே கேளுங்கள். ஒத்திகையின் முதல் நாளிலிருந்தே அந்த எண்ணில் பாடுங்கள். நீண்ட தனிக்குரல் பகுதிக்குப் பின்னால் சுருதிக் கருவி நுழைய வேண்டியிருந்தால், அதற்கு முன்பிருந்தே மரிம்பாவின் கீழ்க்கட்டை ஒன்றை மென்கோலால் உருட்டி, கேட்டும் கேட்காததுமாகப் பிடித்துக்கொண்டே வரச் சொல்லலாம். சேர்ந்து ஒலிக்கும் இடங்களில் காந்தாரத்தைக் குரல்களுக்கு விட்டுவிட்டு, கருவி ஷட்ஜத்தையும் பஞ்சமத்தையும் மட்டும் தொடட்டும். அந்த இரண்டிலும் சண்டை வராது. பஞ்சமத்தின் வித்தியாசம் இரண்டே பங்குதான்.

கருவிகளைக் குழுவின் முதுகுக்குப் பின்னால் அடுக்குவது

பார்வைக்கு அழகாக இருக்கும் என்று தாளக் கருவிகள் முழுவதையும் பின்வரிசையில் வைத்துவிடுகிறார்கள். அடி விழுந்தால் முதலில் அதிர்வது பாடகர்களின் பிடரி. இரைச்சலுக்கு நடுவே பேசுபவர் தம்மை அறியாமல் குரலை உயர்த்துவார் என்பதை பிரெஞ்சு மருத்துவர் எட்டியென் லொம்பார் 1911இல் விளக்கினார். பாடகர்களும் அப்படியே. பின்னாலிருந்து டிரம் அதிர்ந்ததும் குரல் தடிக்கும், தடித்தால் சுருதி கெடும், சுருதி கெட்டதைச் சரிசெய்யப் பக்கத்துக் குரலும் காதில் விழாது.

தூரமும் கணக்கில் வரும். ஒலி ஒரு வினாடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர்தான் போகிறது. பத்து மீட்டர் தள்ளி அடித்த அடி வந்து சேர ஒரு வினாடியில் நூறில் மூன்று பங்கு ஆகும். நிமிடத்துக்கு 120 அடி ஓடும் பாட்டில், ஓர் அடியின் கால்பங்கே 125 மில்லி வினாடிதான். அதில் நான்கில் ஒரு பகுதி தாமதம் என்றால் துல்லியம் எங்கே நிற்கும்? அரைவட்டமாக நில்லுங்கள், வட்டத்தின் திறந்த முனையில் கலைஞர் நிற்கட்டும். எல்லாருடைய கண்ணும் அவர் கோலைப் பார்க்கும், அவர் கண்ணும் எல்லாருடைய மூச்சையும் பார்க்கும். நடத்துநர் இல்லாத குழுக்களுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை.

மெய்யெழுத்தைத் தாளத்தில் வைப்பது

ஒத்திகைகளில் நான் அதிகம் கேட்கும் வாக்குவாதம்: “நீங்கள் முந்துகிறீர்கள்”, “இல்லை, நீங்கள்தான் பிந்துகிறீர்கள்.” பெரும்பாலும் இருவர் மீதும் குற்றமில்லை. கோல் தோலைத் தொட்ட கணமே ஓசை பிறந்துவிடுகிறது. குரல் அப்படியில்லை. ‘மலை’ என்று பாடினால் முதலில் உதடு மூடி ‘ம்’ ஒலிக்கும், பிறகுதான் ‘அ’ திறக்கும். காது தாளத்தோடு பொருத்திப் பார்ப்பது அந்த ‘அ’வைத்தான். ஆகவே மெய் அடிக்குச் சற்று முன்னால் போக வேண்டும், உயிர் அடியின் மேலேயே உட்கார வேண்டும். மெய்யை அடியின் மேல் வைத்தால் உயிர் பிந்தும், குழு முழுவதும் சோம்பலாகப் பாடுவதுபோல் தோன்றும். ‘ஸ்’, ‘ச்’ போன்ற நீளும் மெய்களில் இது இன்னும் பளிச்சென்று தெரியும். ஒரே சொல்லை எடுத்துக்கொண்டு, கலைஞர் மரக்கட்டையில் ஒற்றை அடி கொடுக்க, பத்து நிமிடம் இதை மட்டும் பழகிப் பாருங்கள். மீதி தானாக வரும்.

இதே மெய்களுக்கு, உலோகத் தட்டான சிம்பல் பெரும் பகை. சொல்லின் தெளிவு குடியிருக்கும் உயர்ந்த அதிர்வெண்களில்தான் அதன் சிலுசிலுப்பும் பரவுகிறது. சிம்பல் நீளமாக ஒலிக்கும்போது எந்தக் கவிதையும் வெறும் உயிரொலிகளாகிவிடும். சொல் முக்கியமான வரியில் சிம்பல் வேண்டாம்.

மற்றவை சுருக்கமாக. தாளக் கலைஞரைக் கடைசி நாளில் மட்டும் வரவழைக்காதீர்கள். இரண்டு பெரிய ஒத்திகையாவது அவரோடு, அவருடைய சொந்தக் கருவிகளோடு நடக்கட்டும். குரலுக்கு இதமான, எதிரொலி நீளும் கூடத்தில் விரைவான டிரம் அடிகள் கூழாகிவிடும். அங்கே மென்கோலும் மெதுவான நடையும்தான் எடுபடும். மைக் தேவைப்படாத அரங்கில் மைக் வைக்காதீர்கள். ஐந்து ஸ்தாயி மரிம்பா இரண்டரை மீட்டருக்கு மேல் நீளும். அதைப் பாட்டுக்குப் பாட்டு நகர்த்தும்படி நிரல் போட்டால் ரசிகர் சக்கர ஓசையைத்தான் வீட்டுக்கு எடுத்துப் போவார். எல்லாக் கருவிகளையும் தொடக்கத்திலேயே நிறுத்திவிட்டு, மனிதர்கள் மட்டும் இடம் மாறட்டும்.

கடைசிப் பாட்டின் முடிவையும் தனியாக ஒத்திகை பாருங்கள். டாம்-டாம் என்ற பெரிய வெண்கலச் சேகண்டியில் ஓர் அடி விழுந்தால் குரல்கள் நின்று வெகுநேரம் கழித்தும் அது முனகிக்கொண்டிருக்கும். கலைஞர் உள்ளங்கையால் அதைப் பிடித்து அடக்குவாரா, தானாகத் தேயவிடுவாரா என்பது முன்பே முடிவாகியிருக்க வேண்டும். தேயவிடுவதென்றால், அந்த முனகல் முற்றிலும் ஓய்ந்து அவர் கோலைத் தாழ்த்தும்வரை பாடகர் எவரும் கையிலுள்ள தாளைப் புரட்டாமல், கால் மாற்றி நிற்காமல் இருக்க வேண்டும்.