வியட்நாம் புத்தகங்களை வாசிக்கும்போது நேரும் தவறுகள்

வியட்நாமைப் பற்றி வாசிக்கப் புகுவோரில் பலர், அந்நாட்டின் கதை அமெரிக்கப் படைகள் வந்திறங்கியதில் தொடங்கி, 1975 ஏப்ரல் 30 அன்று தென்வியட்நாமின் தலைநகரான சைகோன் (இன்றைய ஹோ சி மின் நகரம்) வீழ்ந்ததோடு முடிவதாக எண்ணிக்கொள்கிறார்கள். ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் சீன ஆட்சிக்கு உட்பட்டிருந்து, 938இல் பாக் தாங் ஆற்றுப் போரால் விடுபட்ட நாடு அது. 1858இல் தாநாங்கைத் தாக்கிய பிரெஞ்சுக்காரர்கள் 1954இல் தியன் பியன் பூவில் தோற்கும்வரை அங்கிருந்து அகலவில்லை. இந்த முன்கதை தெரியாதவருக்கு, ஒரு நாவலில் தாத்தா சீன எழுத்தில் கவிதை எழுதுவதும், அப்பா பிரெஞ்சு பேசுவதும், பேரனுக்கு இன்று வியட்நாமிய மொழியை எழுதும் ரோமன் எழுத்து மட்டுமே தெரிவதும் வெறும் அலங்காரமாகத் தோன்றும்.

வியட்நாமியப் பெயர்களில் குடும்பப் பெயரே முதலில் வரும். ஆனால் மரியாதையாக அழைப்பதும் பெரும்பாலும் கடைசியில் உள்ள சொந்தப் பெயரால்தான். ங்குயென் என்ற குடும்பப் பெயர் மிகப் பரவலானது என்பதால், அப்பெயர் கொண்ட இருவரை உடனே உறவினராக்கிவிடக் கூடாது.

ஆங்கில வழியாக வாசிக்கும் நமக்கு உறவுச்சொற்களில்தான் பெரிய இழப்பு நேர்கிறது. வியட்நாமிய மொழியில் ‘நான்’, ‘நீ’ என்பவற்றின் இடத்தைப் பெரும்பாலும் உறவுமுறைச் சொற்களே எடுத்துக்கொள்கின்றன. ஆங்கிலம் ‘அங்கிள்’ என்று ஒன்றாக்கிவிடும் இடத்தில், அங்கே ‘பாக்’ பெரியப்பா, ‘சூ’ சித்தப்பா, ‘கௌ’ தாய்மாமன். வடவியட்நாமின் தலைவர் ஹோ சி மின்னை மக்கள் ‘பாக் ஹோ’ என்றார்கள்; அதை ‘ஹோ மாமா’ என்று எழுதும் தமிழ் மொழிபெயர்ப்பாளர், நம்மிடம் கைவசம் உள்ள சரியான சொல்லை விட்டுவிடுகிறார். அதே சமயம் நம் மரபை அப்படியே அங்கே ஏற்றுவதும் பிழைதான்: மனைவி கணவனை அழைக்கும் ‘அஞ்’ என்ற சொல்லுக்கு அண்ணன் என்பதே முதற்பொருள், தன்னை அவள் குறிக்கும் ‘எம்’ என்பதோ இளைய உடன்பிறப்பைச் சுட்டுவது. ஓர் உரையாடலில் இந்தச் சொற்கள் மாறும் கணத்தில் காதலோ விரிசலோ தொடங்கியிருக்கும். ஆங்கிலப் பக்கத்தில் அது தடமின்றி மறைந்துவிடுகிறது.

புலம்பெயர்ந்தோர் அனைவரையும் ‘படகு மக்கள்’ என்று ஒரே கூட்டமாக்குவது அடுத்த தவறு. நாடு வடக்கு, தெற்கு என இரண்டாகப் பிரிந்த 1954இல் வடக்கிலிருந்து தெற்கே பெயர்ந்த லட்சக்கணக்கானோரில் கத்தோலிக்கர் மிகுதி. அவர்களில் பலருக்கு 1975 இரண்டாவது இழப்பு. அந்த ஏப்ரலில் அமெரிக்காவுக்குச் சென்றவர்களில் தென்வியட்நாம் அதிகாரிகளும் படையினரும் அவர்களுடைய குடும்பத்தினரும் கணிசமானோர். 1978, 79இல் கடலில் இறங்கியவர்களில் சீன வம்சாவளியினர் ஏராளம். அவர்களில் பலர் மலேசியாவின் புலாவ் பிடோங் தீவு போன்ற முகாம்களில் காத்திருந்தார்கள். 1980களில் கிழக்கு ஜெர்மனிக்கும் செக்கோஸ்லோவாக்கியாவுக்கும் போனவர்களோ, அரசே அனுப்பிய ஒப்பந்தத் தொழிலாளர்கள். ஆகவே பெர்லினில் எழுதப்பட்ட நூலில் கலிபோர்னியாவின் துயரத்தைத் தேடுவது வீண். ஏப்ரல் 30 உள்நாட்டில் விடுதலை நாள். புலம்பெயர்ந்தோரில் பலருக்கு அது ‘கறுப்பு ஏப்ரல்’. ஆசிரியரின் குடும்பம் எப்போது, எங்கிருந்து கிளம்பியது என்று முதலில் பார்த்துக்கொள்வது நல்லது.

தமிழர்களுக்கே உரிய ஒரு சறுக்கலும் உண்டு. இன்றைய மத்திய வியட்நாமில் முன்பு இருந்த சம்பா அரசின் மீசோன் கோயில்களைக் கண்டதும் அவ்வரசைத் தமிழர் ஆட்சி என்று சொல்லிவிடுகிறோம். சம்பாவின் சம் மக்கள் தமக்கென மொழியுடைய தனி இனத்தவர், அவர்கள் ஏற்றது சிவ வழிபாடும் சமஸ்கிருதமும். உண்மையான தமிழ்த் தொடர்பு வேண்டுமென்றால் பிரெஞ்சுக் கால சைகோனில் கடன் கொடுத்த செட்டியார்களையும், காலனி அலுவலகங்களில் வேலை பார்த்த புதுச்சேரி, காரைக்கால்காரர்களையும், அந்நகரில் இன்றும் வழிபாடு நடக்கும் மாரியம்மன் கோயிலையும் பார்க்கலாம்.

கடைசியாக ஒரு சொல். ‘நுவோக்’ என்றால் தண்ணீர். நாடு என்பதற்கும் அதே சொல்தான். ‘நாட்டை இழந்தோம்’ என்று மொழிபெயர்ப்பில் வரும் வரிக்கு மூலத்தில் ‘நீரை இழந்தோம்’ என்றும் பொருள். கடல் வழியே தப்பியவர்கள் எழுதிய பக்கங்களில் இந்த வரி வந்தால் சற்று நின்று வாசிக்க வேண்டும்.