பார்ட்னர் 1 ஆர்ட்டின் சொன்னபிறகு நாம் செய்யும் தவறுகள்

2018இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியில் பிரணப் பர்தனும் ஷிப்நாத் சர்க்காரும் பிரிட்ஜ் சீட்டாட்டத்தில் தங்கம் வாங்கிய செய்தியைப் படித்துவிட்டுத்தான் திருநகரில் நாங்கள் நான்கு பேர் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மொட்டைமாடியில் உட்கார ஆரம்பித்தோம். நான்கு பேருமே இருபத்தெட்டு என்ற சீட்டாட்டம் ஆடிப் பழகியவர்கள். துருப்பு, பிடி, போன சீட்டை ஞாபகம் வைப்பது எல்லாம் ஏற்கெனவே கைவந்த விஷயம் என்பதால் ஆட்டம் சீக்கிரம் வந்துவிட்டது, கேள்வி மட்டும் வரவே இல்லை. இருபத்தெட்டில் கேள்வி என்பது பெரும்பாலும் உங்கள் கைக்கு நீங்கள் வைக்கும் விலை. பிரிட்ஜில் அது பார்ட்னருக்குச் சொல்லி அனுப்பும் சேதி. அது மனதில் பதியாதவரை பதில் சொல்லும் இடத்தில்தான் அதிகம் அடி விழும்.

நான் சொல்வதெல்லாம் ஐந்து சீட்டு மேஜர் (மேஜர் என்றால் ஆர்ட்டின், இஸ்பேட்), டூ ஓவர் ஒன் என்ற கேள்வி முறைக்கு. பார்ட்னர் 1 ஆர்ட்டினோ 1 இஸ்பேடோ சொன்னால் அந்த இனத்தில் குறைந்தது 5 சீட்டு, சுமார் 12 முதல் 21 புள்ளி. (1 என்பது முதல் படி, 6 பிடிக்கு மேல் 1, அதாவது 7 பிடி. 2 என்றால் 8, இப்படியே மேலே.) ஏஸ் 4, ராஜா 3, ராணி 2, ஜாக் 1. (ஜாக்தான் எல்லாவற்றுக்கும் மேல் என்ற பழைய பழக்கத்தை முதலில் விட வேண்டும்.)

எல்லாரும் செய்கிற முதல் தவறு, பொருத்தம் (ஒரே இனத்தில் இருவருக்கும் சேர்த்து 8 சீட்டு) இருந்தும் அதைச் சொல்லாமல் தன் இனத்தைச் சொல்வது. எனக்கு ஒருநாள் வந்த கை இது: இஸ்பேட் ராணி 8 6 4 3, ஆர்ட்டின் ராஜா 7 2, டைமண்ட் 9 5, கிளாவர் ஜாக் 8 4. பார்ட்னர் 1 ஆர்ட்டின். அஞ்சு இஸ்பேட் இருக்கிறதே என்று நான் 1 இஸ்பேட் சொன்னேன். எதிராளி 3 டைமண்டுக்குத் தாவினார், பார்ட்னர் பாஸ், எனக்கு இருந்த 6 புள்ளிக்கு அதற்குமேல் வாய் திறக்க முடியாது, நானும் பாஸ். அவர்கள் சரியாக 9 பிடி எடுத்தார்கள். சீட்டை விரித்துப் பார்த்தால் ஆர்ட்டினில் எங்களுக்கும் 9 பிடி இருந்தது. முதலிலேயே 2 ஆர்ட்டின் சொல்லியிருந்தால் பார்ட்னருக்கு 5ம் 3ம் 8 துருப்பு என்று தெரிந்திருக்கும், அவரே 3 ஆர்ட்டின் சொல்லியிருப்பார். 6 முதல் 9 புள்ளி, பார்ட்னர் இனத்தில் மூன்று சீட்டு என்றால் உடனே இரண்டுக்கு ஏற்றுங்கள், யோசிக்கவே வேண்டாம். இப்படிப்பட்ட கையில் அடுத்த முறை வாய்ப்பு கிடைக்கும் என்று நம்பிக் காத்திருக்க முடியாது.

ஆர்ட்டினில் மூன்று சீட்டு இல்லை, இஸ்பேடில் நான்கு இருக்கிறது என்றால் அப்போது 1 இஸ்பேட் சொல்லத்தான் வேண்டும். அதைத் தாண்டி 1 நோ டிரம்ப் (துருப்பு இல்லாமல் ஆடுவது) சொன்னால் நான்கு இஸ்பேட் இல்லை என்றுதான் பார்ட்னர் எடுத்துக்கொள்வார்.

அடுத்தது, அழகான நீண்ட இனத்தைப் பார்த்து மயங்கி இரண்டாம் படியில் சொல்லிவிடுவது. பார்ட்னர் 1 இஸ்பேட், உங்களிடம் இஸ்பேடில் 3 என்ற ஒரே சீட்டு, ஆர்ட்டின் ராஜா ராணி 9 6 4 2, டைமண்ட் 8 5, கிளாவர் ஜாக் 7 6 3. மொத்தம் 6 புள்ளிதான். இதை வைத்து 2 ஆர்ட்டின் சொன்னால் இந்த முறையில் அதற்கு அர்த்தம் "கேம் வரை போகாமல் நிறுத்த மாட்டேன்" என்பது (கேம் என்றால் ஆர்ட்டின், இஸ்பேடில் 4, அதாவது 10 பிடி), அதற்கு 13 புள்ளி அளவு வேண்டும். பார்ட்னர் நம்பி 4 வரை கொண்டுபோவார், மூன்று நான்கு பிடி குறையும். முதலில் 1 நோ டிரம்ப், அடுத்த சுற்றில் 2 ஆர்ட்டின் என்றால் "கை பலவீனம், ஆர்ட்டின் மட்டும் நீளம்" என்ற சேதி சரியாகப் போய்ச் சேரும். 1 நோ டிரம்ப் என்றதும் சமமாகப் பிரிந்த கை என்று நினைப்பவர்கள் உண்டு. இந்த முறையில் அது மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்ட் மாதிரி, எல்லா ஊர்க் கைகளும் அங்கே வந்து இறங்கித்தான் வேறு வண்டி பிடிக்கும், அதனால்தான் பார்ட்னர் அதற்கு மேல் பாஸ் செய்யக் கூடாது என்று வைத்திருக்கிறார்கள். இன்னொன்றும் உண்டு: 1 இஸ்பேடுக்கு 2 ஆர்ட்டின் சொல்ல, பலம் இருந்தாலும் ஆர்ட்டினில் 5 சீட்டு வேண்டும்.

இந்தக் கையிலேயே இன்னொரு தவறும் ஒளிந்திருக்கிறது. இஸ்பேட் ஒற்றைச் சீட்டு என்பதால் அதற்கு 3 புள்ளி சேர்த்துக்கொள்வார்கள். ஒற்றைச் சீட்டுக்கு மதிப்பு வருவது, அந்த இனத்தைத் துருப்பால் வெட்ட முடியும்போதுதான். பார்ட்னருடைய இனத்தில் ஒற்றை என்றால் அது பொருத்தமின்மை, பலம் இல்லை. பொருத்தம் கிடைத்தபிறகு, அதிலும் நான்கு துருப்பு இருக்கும்போது, தாராளமாகக் கூட்டுங்கள்: ரெட்டைச் சீட்டுக்கு 1, ஒற்றைக்கு 3, வெறுமைக்கு 5. இப்படிக் கூட்டி 10 முதல் 12 வந்தால், நான்கு சீட்டு ஆதரவுடன் நேராக மூன்றுக்கு ஏற்றலாம். மூன்று சீட்டுதான் என்றால் முதலில் 1 நோ டிரம்ப், அப்புறம் மூன்று.

எனக்கு அதிகம் மனவருத்தம் தருவது 4க்குத் தாவுவது. 14 புள்ளியும் நான்கு ஆர்ட்டினும் இருக்கிறது, கேம் உறுதி, எதற்குச் சுற்ற வேண்டும் என்று 4 ஆர்ட்டின் சொல்லிவிடுவார்கள். அந்தத் தாவல் பலவீனமான கைக்கு உரியது: இஸ்பேடில் 5 என்ற ஒரே சீட்டு, ஆர்ட்டின் ராணி 10 8 6 3, டைமண்ட் ராஜா 9 7 4 2, கிளாவர் 6 4. புள்ளி 5தான், ஆனால் இரண்டு கையிலும் சேர்த்து 10 துருப்பு இருப்பதால் 10 பிடி அளவுக்குப் போகலாம். எத்தனை துருப்போ அத்தனை பிடி வரை போ என்கிற கணக்கு, ஜான் ரெனே வெர்ன் என்ற பிரெஞ்சுக்காரர் 1969இல் எழுதிய மொத்தப் பிடி விதியிலிருந்து வந்தது. எதிராளிக்கு இடம் கொடுக்காமல் அடைப்பதுதான் அதன் நோக்கம். நல்ல கையை வைத்துக்கொண்டு அதையே சொன்னால் 17 புள்ளி வைத்திருக்கும் பார்ட்னர் உங்களைப் பலவீனம் என்று நினைத்து பாஸ் செய்வார், 31 புள்ளியுடன் கேமிலேயே நின்றுவிடுவீர்கள், 12 பிடி எடுக்கும் ஸ்லாமுக்குக் கிடைத்திருக்கும் 500 அல்லது 750 போனஸ் போச்சு. 13க்கு மேல், நான்கு சீட்டு ஆதரவு என்றால் 2 நோ டிரம்ப் சொல்லுங்கள். ஆஸ்வால்ட் ஜேக்கபி பெயரில் இருக்கும் மரபு அது. அதற்குப் பதிலாக பார்ட்னர் தன்னிடம் ஒற்றைச் சீட்டு எந்த இனத்தில் என்று மூன்றாம் படியில் காட்டுவார், ஸ்லாம் உண்டா இல்லையா என்பது அங்கேயே பாதி தெரிந்துவிடும்.

நீங்கள் முதலில் பாஸ் சொல்லியிருந்தால் மேலே சொன்ன சில அர்த்தங்கள் மாறிவிடும். அப்போது 2க்குப் போவது கேம் வரை கட்டாயம் ஆகாது, 1 நோ டிரம்புக்கு பார்ட்னர் பாஸ் செய்யலாம். மூன்றாம் இடத்தில் இருப்பவர் 10, 11 புள்ளியிலும் ஆரம்பிப்பார், எனவே மூன்றுக்குத் தாவாமல், டக்ளஸ் ட்ரூரியின் 2 கிளாவரைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள்: "ஆதரவு உண்டு, 10 முதல் 12, உன் ஆரம்பம் உண்மையானதா?" என்று கேட்பது அது. எதிராளி நடுவில் வேறு இனம் சொன்னால், நல்ல ஆதரவுக்கு அந்த எதிராளி இனத்தையே சொல்வது, மூன்றுக்குத் தாவுவது பலவீனம், இவ்வளவுதான் நாங்கள் வைத்திருப்பது. சீட்டு பிரிப்பதற்கு முன்னாலேயே இந்த இரண்டையும் பார்ட்னரிடம் கேட்டுவிடுங்கள், கை எடுத்தபிறகு கேட்க முடியாது.